ஹோல்ஸ்ரெட் வீதியில் ஒரு பழைய வீடு

ஜேன் அடம்ஸ் அம்மையாரை 1931ஆம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர் என்ற அளவிலேயே எம்மிற் பலர் அறிவர். சமூகவியலைப் பாடமாகப் பயில்வோர், அவர் சிக்காகோ நகரில் நடாத்திய ஹல் இல்லத்தைப் பற்றியும் ஓரளவு கேள்விப்பட்டிருப்பர். அவ்வில்லம் ஏழைகளுக்கு உணவும் உதவியும் வழங்கிய ஒரு தருமசாலை என்ற எண்ணம் பரவலாக உண்டு. உதவிகள் வழங்கப்பட்டமை உண்மையே. எனினும் அவ்வில்லத்தில் முதன்முதல் நடைபெற்ற காரியங்களுள் ஒன்று ஒரு நாவலைக் கூடியிருந்து படித்தமையாகும். ஒரு தொழிற்சாலையின் காரியாலயமாகவும் பண்டசாலையாகவும் கிடந்த பழைய வீடொன்று, பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஆண்களும் பெண்களும் இரவிற் கற்கும் இடமாக எவ்வாறு மாறியது என்பதையும், எழுபத்து நான்கு ஆண்டுகளின் பின் அவ்விடம் எவ்வாறு இல்லாதொழிந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. அதனை அகற்றிவிட்டு அவ்விடத்தில் எழுந்தது ஒரு பல்கலைக்கழகம். ஆதலின் இவ்வரலாற்றைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றிற் பேசுவது பொருத்தமாகும் எனக் கருதுகின்றேன்.

சிக்காகோவின் காணி வணிகருள் ஒருவரான சாள்ஸ் ஹல் என்பவர் 1856ஆம் ஆண்டில் இவ்வீட்டைக் கட்டினார். அக்காலத்தில் ஹோல்ஸ்ரெட் வீதி நகரின் ஓரமாக இருந்தது. செங்கல்லாலான இரண்டு தளங்கள். மூன்று புறமும் அகன்ற விறாந்தை. அதனைத் தாங்கக் கொரிந்திய முறையிலமைந்த மரத்தூண்கள். சந்தடியிலிருந்து ஒதுங்கி வாழ விரும்பிய செல்வரின் இல்லம் அது. ஆயின் நகரம் அதனை நெடுநாள் ஒதுங்கியிருக்க விடவில்லை. 1871 ஒக்ரோபரிற் சிக்காகோவைச் சுட்டெரித்த பெருந்தீ, இவ்வீட்டிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்திலுள்ள டிகோவன் வீதியிலேயே மூண்டது. காற்று அத்தீயை வடகிழக்குத் திசையில், நகரின் நடுப்பகுதியை நோக்கிக் கொண்டு சென்றமையால் வீடு தப்பியது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வீடிழந்தனர். அதன் பின்வந்த ஆண்டுகளில் மேற்குப் பகுதி தொழிற்சாலைகளாலும், ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்புகளாலும் நிரம்பியது.

வீட்டின் நிலையும் அதற்கேற்ப மாறியது. ஒரு காலத்திற் கத்தோலிக்கக் கன்னியர் அதனை முதியோர் இல்லமாக நடாத்தினர். பிறிதொரு காலத்திற் பழைய தளபாடங்கள் விற்கும் கடையொன்று அதில் இருந்தது. 1889இல் அதன் கீழ்த்தளம், பின்புறத்தே நின்ற ஒரு தொழிற்சாலையின் காரியாலயமாகவும் பண்டசாலையாகவும் பயன்பட்டது. வீட்டின் ஒருபுறம் மலர்ச்சாலை, மறுபுறம் மதுச்சாலை. மேல்மாடியிற் பேய் உலாவுகின்றது என்ற கதையும் வழங்கியது. நீரைப் பேய் கடவாது என்ற நம்பிக்கையால், அங்கிருந்தோர் மேல்மாடிப் படிக்கட்டில் நீர் நிறைந்த சாடியொன்றை வைத்திருந்தனராம். பேய்க்கதை இல்லாத பழைய வீடு எந்த நாட்டிலும் இல்லைப் போலும்.

இந்த வீட்டைத் தேடி வந்தவர்கள் இரு பெண்கள். ஜேன் அடம்ஸ் 1860இல் இலினோய் மாநிலத்தின் சீடர்வில் என்ற சிற்றூரிற் பிறந்தவர். றொக்போட் பெண்கள் கல்லூரியிற் கற்றவர். எலன் கேற்ஸ் ஸ்ரார் அக்கல்லூரியில் அவருக்குத் தோழியானவர். உயர்கல்வி பெற்ற முதற் தலைமுறைப் பெண்களாகிய இவர்களுக்கு, கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்வது என்பதே பெரும் வினாவாயிருந்தது. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் சாமுவேல் பார்னெற் என்ற மதகுரு 1884இல் நிறுவிய ரொயின்பி மண்டபத்தை அடம்ஸ் 1888இற் சென்று பார்த்தார். ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் ஏழைத் தொழிலாளரிடையே வந்து தங்கி, அவர்களுக்கு வகுப்புகள் நடாத்திய இடம் அது. அத்தகைய ஒன்றைச் சிக்காகோவில் அமைப்பதென அடம்ஸ் துணிந்தார்.

வீடு கிடைத்த கதையை அவரே தமது நூலிற் கூறியுள்ளார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குதிரை வண்டியிற் செல்லும்போது, வீதியிலிருந்து சற்று உள்வாங்கி நின்ற அழகிய பழைய வீடொன்று கண்ணிற்பட்டது. மறுநாள் தேடிச் சென்றபோது அதனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வாரங்களின் பின், நகரின் நிலைமையை நன்கறிந்த மூத்தோர் சிலரின் ஆலோசனைப்படி அப்பகுதிக்குச் சென்றார். முதல் நாளிலேயே அதே வீடு எதிரே நின்றது. காணியும் வீடும் அப்பொழுது ஹல்லின் உறவினரும் அவரது வணிகத்திற் துணைநின்றவருமான ஹெலன் கல்வர் அம்மையாருக்கு உரியனவாயிருந்தன. தொழிற்சாலையாரிடமிருந்து மேற்தளத்தையும், கீழ்த்தளத்தில் முன்னர் வரவேற்பறையாயிருந்த பெரிய கூடத்தையும் உபவாடகைக்கே பெறமுடிந்தது. எஞ்சிய அறைகளிற் காரியாலயமும் பண்டங்களும் இருந்தவாறே இருந்தன. அடுத்த வசந்தகாலத்தில் ஹெலன் கல்வர் வீடு முழுவதையும் வாடகையின்றிக் கொடுத்துதவினார். அந்நன்றியின் அடையாளமாகவே அது ஹல் இல்லம் எனப் பெயர்பெற்றது.

1889 செப்டெம்பர் 18ஆம் நாள் இருவரும், வீட்டுப் பணிகளைப் பொறுப்பேற்ற மேரி கீசர் என்ற பெண்ணும் அங்கே குடிபுகுந்தனர். ஐரோப்பாவிற் சேகரித்த படங்களும், குடும்பத்திலிருந்து கொண்டுவந்த மரத்தளபாடங்கள் சிலவும் அறைகளை அலங்கரித்தன. முதல் நாளிரவு, குடிபுகுந்த பரபரப்பில், பொல்க் வீதிப் பக்கமாகத் திறக்கும் கதவொன்றைப் பூட்டவும் மறந்தனர், சாத்தவும் மறந்தனர். காலையில் எழுந்து பார்த்தபோது ஒரு பொருளும் களவு போயிருக்கவில்லை. திருடரும் குடிகாரரும் நிறைந்த பகுதியென நண்பர்கள் அச்சுறுத்தியிருந்த இடம் அது. அயலாரைப் பற்றி அவ்விரு பெண்களும் கற்ற முதற்பாடம் அதுவே எனலாம். பின்வந்த ஆண்டுகளில் அத்தகைய பாடங்கள் தொடர்ந்து வந்தன. அவற்றைக் கற்க அவர்கள் மறுத்திருப்பின் ஹல் இல்லம் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டிருக்கும் என்பது என் கருத்து.

தொடக்கத்தில் அவர்கள் கொண்டுவந்தது தாம் கல்லூரியிற் பெற்ற பண்பாட்டையே. ஸ்ரார் அம்மையார் அயலிலுள்ள இளம்பெண்களைக் கூட்டி, ஜோர்ஜ் எலியற்றின் ‘ரொமோலா’ என்ற நாவலைப் படித்துக்காட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டின் புளோரன்ஸ் நகரைக் களமாகக் கொண்ட அந்நாவலைத் தையற்கூடங்களில் வேலைசெய்த பெண்கள் முன்னிலையிற் படிப்பது இன்று எமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின் அப்பெண்கள் விருப்புடன் வந்தனர். வாரந்தோறும் இருவர் இரவுணவுக்கு முற்பட வந்து உண்டபின், பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே தாம் படித்தவற்றைப் பற்றிப் பேசினர். அங்கு தோன்றிய ஷேக்ஸ்பியர் கழகமொன்று பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து நடைபெற்றது. எளிய மக்கள் பெரிய விடயங்களிலேயே அக்கறை கொள்வர் என்பது அடம்ஸ் அம்மையார் அனுபவத்தாற் கண்ட முடிவு. துண்டு துண்டான தகவல்களை எளிமைப்படுத்திக் கொடுத்தாற் போதும் என எண்ணி வந்த விரிவுரையாளருக்குக் கேட்போர் நிலைக்கவில்லை. எம்மவரிடையே தொழிலாளருக்கென நடாத்தப்படும் விரிவுரைகளை நினைத்துப் பார்க்கும்போது இக்கூற்றின் உண்மை புலனாகும்.

1890 முதல் கல்லூரி விரிவாக்க வகுப்புகள் என்ற பெயரில் ஒழுங்கான மாலை வகுப்புகள் தொடங்கின. சிக்காகோப் பல்கலைக்கழகம் மாணவரை ஏற்கத் தொடங்கியது 1892இலேயே. ஆகவே அந்நகரின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்கு முன்னரே இவ்வீட்டில் உயர்கல்வி வகுப்புகள் இருந்தன. இலக்கியம், மொழிகள், கணிதம், வரைதல், வரலாறு எனப் பாடங்கள் விரிந்தன. ஆசிரியர்கள் ஊதியமின்றிக் கற்பித்தனர். மாணவர் சிறு கட்டணமொன்றைச் செலுத்தினர். றொக்போட் கல்லூரி பத்து ஆண்டுகள் தன் கட்டடங்களைக் கோடைகாலத்தில் இவர்களுக்கு விட்டுக்கொடுத்தமையும் குறிப்பிடத்தக்கது. ஆலைகளிலும் கடைகளிலும் வேலைசெய்த பெண்கள் சில வாரங்கள் கல்லூரி மாணவியராக அங்கே வாழ்ந்தனர்.

எனினும் அயலாருட் பெரும்பாலோருக்கு முதற்தேவை ஆங்கிலமாக இருந்தது. இல்லத்தைச் சூழ்ந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 50,000 மக்கள் வாழ்ந்தனர். இத்தாலியர், ஜேர்மானியர், பொஹீமியர், அயர்லாந்தர், கிரேக்கர், போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த யூதர் எனப் பல திறத்தோர் ஒரே வீதியில் நெருங்கியிருந்தனர். 1891இன் இறுதியில் இல்லத்தில் வந்து சேர்ந்த புளோரன்ஸ் கெலி அம்மையார், 1893இல் அரசாங்கத்தின் தொழில் ஆணையாளருக்காக இவ்வட்டாரத்தை வீடுவீடாக ஆராய்ந்தார். அதன் விளைவாக இல்லத்தில் வாழ்ந்தோர் 1895இல் வெளியிட்ட நூல், அயலிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் எவ்வினத்தார் வாழ்ந்தனர், எவ்வளவு ஊதியம் பெற்றனர் என்பவற்றை நிறம் தீட்டிய வரைபடங்களாற் காட்டியது. பதினெட்டு இனத்தவர் அப்படத்திற் குறிக்கப்பட்டனர். சமூகவியல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றத் தொடங்கிய அக்காலத்தில், அதன் ஆய்வு முறைகளுள் ஒன்றுக்கு முன்மாதிரி இவ்வீட்டு மேசையில் உருவாகியது.

கற்பிக்க வந்தோர் கற்றுக்கொண்டதற்குச் சமையற்கூடம் நல்ல சான்று. தொழிலாளர் குடும்பங்கள் சத்தற்ற உணவை அதிக விலைகொடுத்து உண்கின்றன எனக் கண்ட இல்லத்தார், பொஸ்ரன் நகரில் விஞ்ஞான முறையில் வகுக்கப்பட்ட சமையலைப் பின்பற்றிப் பொதுச் சமையற்கூடமொன்றைத் திறந்தனர். மலிவானதும் சத்துமிக்கதுமான சூப் தயாராயிற்று. அயலார் வாங்கவில்லை. உடலுக்கு நல்லதுதான், ஆயின் தனக்கு விருப்பமானதை உண்பதே தனக்கு விருப்பம் என ஒரு பெண் கூறிவிட்டாள். பதினெட்டு இனத்தார் வாழும் வட்டாரத்தில் ஒரே சுவையை யார் வகுக்கமுடியும்? அடம்ஸ் இத்தோல்வியை மறைக்காது எழுதியுள்ளார். அச்சமையற்கூடத்தோடு இணைந்த கோப்பிச்சாலை, மக்கள் கூடிப் பேசும் இடமாக மாறி நெடுங்காலம் நிலைத்தது.

பேச்சுக்கு அங்கே குறைவில்லை. தொழிலாளர் சமூக விஞ்ஞானக் கழகம் 1890 முதல் ஏழு ஆண்டுகள் வாரந்தோறும் கூடியது. ஒருவர் உரையாற்றுவார், அதன்பின் கேள்விகளும் மறுப்புகளும் எழும். சோஷலிஸ்டுகளும், அராஜகவாதிகளும், ஒற்றை வரிக் கொள்கையினரும் அங்கே மோதினர். 1886இல் ஹேமார்க்கெற் சதுக்கத்திற் குண்டு வெடித்து, மறு ஆண்டு தொழிலாளர் தலைவர் நால்வர் தூக்கிலிடப்பட்ட நகரம் அது. அந்நினைவு ஆறாத நாட்களில் இத்தகைய கருத்துக்களுக்கு மேடை கொடுத்தமைக்காக இல்லம் கடுங் கண்டனத்துக்கு ஆளாயிற்று. செல்வரிடமிருந்து கிடைத்த நன்கொடைகள் சில நின்றன. 1894இற் சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்கு வந்த தத்துவப் பேராசிரியர் ஜோன் டூயி, இவ்வில்லத்தில் விரிவுரையாற்றியதோடு அதன் அறங்காவலர் சபையிலும் இருந்தார். பாடசாலை சமூகத்தின் மையமாதல் வேண்டுமென அவர் 1902இல் ஆற்றிய உரை, ஹோல்ஸ்ரெட் வீதியில் அவர் கண்டவற்றுக்குக் கடன்பட்டது. டூயியின் கல்விக் கொள்கையைக் கற்கும் எமது ஆசிரிய மாணவருக்கு அவரது நூல்களைப் பற்றிக் கூறுவோர், அவர் எங்கே சென்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைக் கூறுவது அரிது.

ஹல் இல்லத்தின் கல்வி வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது 1900இல் தொடங்கிய தொழில் நூதனசாலையாகும். அதன் தோற்றம் ஒரு வீதிக் காட்சி. இத்தாலிய மூதாட்டி ஒருத்தி தன் வீட்டுப் படியில் அமர்ந்து, கையிற் பிடித்த எளிய கதிரினால் நூல் நூற்றுக்கொண்டிருந்ததை அடம்ஸ் கண்டார். அம்மூதாட்டியின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அயலிலுள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்கு முன் அமர்ந்திருப்போர். தாயின் கைத்தொழிலே தம் இயந்திரத்துக்கு முன்னோடி என்பதை அவர்கள் அறியார். ஆங்கிலத்தை விரைவிற் கற்றுக்கொண்ட பிள்ளைகள், அதனைக் கற்கமுடியாத பெற்றோரைத் தாழ்வாக எண்ணத் தொடங்கியிருந்தனர். புதிய நாட்டில் தந்தையும் தாயும் மகனின் மொழிபெயர்ப்பில் வாழ வேண்டியிருந்தது.

ஆகவே கதிர், இராட்டை, தறி என நூற்றலும் நெய்தலும் வளர்ந்த முறை ஓர் அறையில் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆயின் கண்ணாடிப் பெட்டிகளுள் வைக்கப்பட்ட காட்சிப் பொருட்களாக அவை இருக்கவில்லை. சிரியா, கிரேக்கம், இத்தாலி, ரஷ்யா, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த பெண்களே சனிக்கிழமை மாலைகளில் வந்தமர்ந்து நூற்றுக் காட்டினர். எழுத்தறியாத அப்பெண்கள் அவ்வறையில் ஆசிரியராயினர். பார்க்க வந்தோருட் கல்லூரி ஆசிரியரும் இருந்தனர். அடம்ஸ் கூறும் நிகழ்ச்சியொன்றை இங்கே தருவது தகும். இத்தாலியப் பெண்ணொருத்தி இல்லத்துச் சமையல் வகுப்புக்கு வருவாள்; அவளுடைய தாய் அதேவேளையில் நூற்றுக் காட்ட வருவாள். தலையிற் துணி கட்டி, குட்டைப் பாவாடையணிந்த தாயோடு சேர்ந்து வருவதற்கு வெட்கி, மகள் வேறு வாயிலாற் புகுவது வழக்கம். ஒருநாள் தன் தாயைச் சூழ்ந்து கல்வியாளர் பலர் வியந்து நிற்பதை மகள் கண்டாள். தாயின் ஊரைப் பற்றியும், அங்கே பெண்கள் கூடியிருந்து நூற்ற நாட்களைப் பற்றியும் அன்று கேட்டறிந்தாள். அதன்பின் தாயும் மகளும் ஒரே வாயிலால் வந்தனர்.

கிரேக்கப் பழவியாபாரிகள் 1903இற் சொபோக்கிளிசின் ‘ஏஜாக்ஸ்’ நாடகத்தை மூலமொழியில் அங்கே நடித்ததும் இவ்வகைப்பட்டதே. தள்ளுவண்டிக்காரர் என்று மட்டும் தம்மைக் கண்ட நகரத்தாருக்கு, பல்கலைக்கழகங்கள் போற்றும் மொழி தம் முன்னோரின் மொழி என்பதை அவர்கள் காட்டினர்.

இவ்வில்லத்திற் கற்ற ஒருவரின் வரலாற்றையாவது கூறாவிடின் இக்கட்டுரை நிறைவுறாது. ஹில்டா சற் 1882இற் போலந்திற் பிறந்த யூதப் பெண். பத்து வயதிற் குடும்பத்தாருடன் சிக்காகோ வந்தார். தந்தை விரைவில் இறந்துவிடப் பள்ளிப்படிப்பு நின்று, பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சென்றார். இல்லத்தில் நடந்த கிறிஸ்மஸ் விழாவுக்குத் தோழியொருத்தி அழைத்தபோது அவர் அஞ்சினார். போலந்தில் யூதப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் அச்சத்துக்குரிய நாளாயிருந்தது. சென்றபின், பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாய் இருந்தும் ஒருவரும் ஒருவரைத் துன்புறுத்தவில்லை எனக் கண்டார். சில ஆண்டுகளின் பின் தொழில் நூதனசாலையிலும் மாலை வகுப்புகளிலும் அவர் இடம்பெற்றார். 1904இல் அடம்ஸ் அம்மையாரின் முயற்சியாற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை கற்கும் வாய்ப்பும் கிடைத்தது. பின்னர் ஹல் இல்லத்திலேயே புதிதாக வந்தோருக்கு ஆங்கிலம் கற்பித்தார்.

கட்டடங்களும் வளர்ந்தன. 1891இல் ஓவியக்கூடமும் நூலகத்தின் வாசிப்பறையும் கொண்ட முதற் புதிய கட்டடம் எழுந்தது. பழைய வீட்டின்மேல் மூன்றாந் தளமொன்று ஏற்றப்பட்டது. உடற்பயிற்சிக்கூடம், நாடகமண்டபம், இசைப்பள்ளி, பெண் தொழிலாளர் கூட்டாக நடாத்திய விடுதி, 1905இல் உணவு மண்டபம் எனப் பெருகி, 1907இற் பதின்மூன்று கட்டடங்கள் ஒரு முழுத் தொகுதியை அடைத்து நின்றன. நடுவே ஹல்லின் வீடு ஏறக்குறைய மறைந்துபோயிற்று. ஒவ்வொரு கட்டடமும் ஒரு தேவை தோன்றியபின் எழுந்தது என்பதே அவ்வளர்ச்சியின் சிறப்பு.

குறைகளையும் கூறவேண்டும். 1920களின் பின் அவ்வட்டாரத்திற் குடியேறிய மெக்சிக்கருக்கு மட்பாண்டக் கலைக்கூடம் முதலிய வசதிகள் கிடைத்தன. ஆயின் அயலிலேயே வாழ்ந்த கறுப்பின மக்களை அரவணைப்பதில் இல்லம் நெடுங்காலம் தயங்கியது. நிறவெறிக்கெதிராக அடம்ஸ் வெளியிற் பேசிய அளவுக்கு உள்ளே நடைமுறை இருக்கவில்லை. பதினெட்டு நிறங்களால் வரைபடம் தீட்டியவர்கள் இதனைக் காணாதிருந்தனர் என்பது வருந்தத்தக்கது.

அடம்ஸ் 1935 மே மாதத்தில் இறந்தார். இல்லம் தொடர்ந்து நடைபெற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாட்டின் கல்வித் தேவை வேறுவகையில் விரிந்தது. போரிலிருந்து மீண்ட இளைஞரின் உயர்கல்விக்காக இலினோய்ப் பல்கலைக்கழகம் 1946இற் சிக்காகோவின் நேவி பியர் என்ற இறங்குதுறையில் ஈராண்டுக் கல்வி நிலையமொன்றைத் தொடங்கியது. தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் பட்டம் பெறுவதற்கு நகருக்குள்ளேயே முழுமையான பல்கலைக்கழகம் வேண்டுமென்ற கோரிக்கை நியாயமானது. அதனை நான் மறுக்கவில்லை. ஹல் இல்லத்தில் மாலை வகுப்புக்கு வந்தோரின் பேரப்பிள்ளைகளும் அக்கோரிக்கையை எழுப்பியோருள் இருந்திருப்பர். இடம் எது என்பதிலேதான் சிக்கல் எழுந்தது. வேறு பல இடங்கள் ஆராயப்பட்டு ஒன்றும் கைகூடாத நிலையில், நகர முதல்வர் ரிச்சட் டேலி 1961இல் ஹரிசன், ஹோல்ஸ்ரெட் வீதிகள் சந்திக்கும் வட்டாரத்தை வழங்க முன்வந்தார். புதிய வீடுகள் கட்டித்தரப்படும் என்ற நம்பிக்கையோடு நகரப் புனரமைப்புத் திட்டத்துக்கு அவ்வட்டார மக்கள் ஏற்கெனவே ஒத்துழைத்திருந்தனர். அவ்வொத்துழைப்பே அவர்களை வெளியேற்றும் வழியாயிற்று.

எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் புளோரன்ஸ் ஸ்காலா என்ற பெண். இத்தாலியத் தையற்காரர் ஒருவரின் மகளாக 1918இற் பிறந்தவர். இளமையில் ஹல் இல்லத்தின் வகுப்புகளில் வளர்ந்தவர். வட்டாரத்துப் பெண்கள் நகர முதல்வரின் காரியாலயத்திற் சென்று உட்கார்ந்து மறியல் செய்தனர். ஊர்வலம் சென்றனர், வழக்குத் தொடர்ந்தனர். ஒன்றுகூடவும், மேடையிற் பேசவும், அதிகாரத்திடம் கணக்குக் கேட்கவும் அயலாருக்குக் கற்பித்த இடத்தைக் காப்பதற்கு, அங்கே கற்றவையே அவர்களுக்குக் கருவியாயின. வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை சென்று 1963இற் தோல்வியடைந்தது.

அத்தோல்வியினும் ஸ்காலாவை வருத்தியது இல்லத்தின் அறங்காவலர் சபையின் போக்கே. நகரின் செல்வக் குடும்பங்களைச் சேர்ந்த அச்சபையினருட் பெரும்பாலோர் போராட்டத்துக்குத் துணைநிற்கவில்லை. இல்லம் 1963இல் 875,000 டொலருக்கு விற்கப்பட்டது. 1906 முதல் அங்கே வாழ்ந்து, இளைஞர் பாதுகாப்புக்காக உழைத்த ஜெசி பின்போட் அம்மையார் இறுதிவரை எதிர்த்து நின்றார். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தம் வீடாயிருந்த இடத்தை விட்டு, எண்பத்தாறு வயதைக் கடந்த நிலையில், அயோவா மாநிலத்திலுள்ள தம் பிறந்த ஊருக்குத் திரும்பினார். 1966இல் அங்கேயே காலமானார்.

பதின்மூன்று கட்டடங்களுட் பதினொன்று இடிக்கப்பட்டன. எஞ்சியவை ஹல்லின் வீடும் உணவு மண்டபமுமே. அவற்றுள்ளும் உணவு மண்டபம் நின்ற இடத்திலிருந்து நகர்த்தப்பட்டது. சிற்பி வால்ரர் நெற்ஸ் வகுத்த கொங்கிறீற்றுக் கட்டடங்களோடு புதிய பல்கலைக்கழக வளாகம் 1965இற் திறக்கப்பட்டது. ஹல்லின் வீடு அதன் விளிம்பிற் பாதுகாக்கப்பட்டு, 1967 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது.

பாதுகாத்த முறையை இங்கே சற்று நோக்குதல் வேண்டும். இல்லத்தார் ஏற்றிய மூன்றாந் தளம் அகற்றப்பட்டது. சுற்றிலும் ஒட்டிநின்ற கட்டடங்கள் நீங்கின. விறாந்தையும் முகப்பும் பழைய தோற்றத்துக்கு மீட்கப்பட்டன. அதாவது, 1856இற் காணி வணிகர் ஒருவர் தம் குடும்பத்துக்குக் கட்டிய மாளிகையின் தோற்றமே மீண்டும் உருவாக்கப்பட்டது. ஜேன் அடம்ஸ் வாழ்ந்து உழைத்த காலத்தில் அவ்வீடு ஒருபோதும் அவ்வாறு தனித்து நின்றதில்லை. இடித்தவர்கள் வரலாற்றை வெறுத்தவர்களல்லர்; வீட்டைத் தேசிய வரலாற்றுச் சின்னமாகவே போற்றினர். எந்த ஆண்டின் வீடு போற்றற்குரியது எனத் தெரிந்ததிலேதான் பிழை நேர்ந்தது. கட்டடக் கலைஞரின் கண்ணுக்குப் பின்வந்த சேர்க்கைகள் யாவும் மாசு. ஆயின் மாலை வகுப்புகளும், தறிகளும், விவாதங்களும், அயலாரும் அச்சேர்க்கைகளிலேயே இருந்தனர்.

வட்டாரத்தை இழந்தபின் ஹல் இல்லச் சங்கம் நகரின் பல இடங்களிற் கிளைகளாகப் பிரிந்து சமூகசேவை செய்தது. அரசாங்க நிதியையே பெரிதும் நம்பியிருந்த அச்சங்கம், 2012 ஜனவரியிற் பணமின்றி மூடப்பட்டது. நூதனசாலையை நடாத்துவது பல்கலைக்கழகமே. அதனை நடாத்துவோர் அண்மைக் காலத்திற் பழைய நோக்கை மீட்க முயன்றமையையும் கூறாதுவிடல் நேர்மையன்று. 2008இல் உணவு மண்டபத்தில், வருவோர்க்கெல்லாம் சூப் வழங்கி, உணவும் உழைப்பும் பற்றி உரையாடும் கூட்டங்கள் தொடங்கின. இம்முறை சூப்பை மக்கள் விரும்பி அருந்தினர்.

ஹில்டா சற் மணமுடித்து ஹில்டா பொலாசெக் ஆனார். முதுமையிற் தம் வரலாற்றை எழுதினார். புகழ் பெறாத ஒரு தொழிலாளப் பெண்ணின் கதையை வெளியிட அவர் வாழ்நாளில் எவரும் முன்வரவில்லை. அவர் 1967இல், நூதனசாலை திறந்த அதே ஆண்டில், மறைந்தார். மகள் அக்கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்துப் பதிப்பித்தார். ஒரு ஹல் இல்லப் பெண்ணின் கதை என்ற துணைத்தலைப்போடு அந்நூல் 1989இல் வெளிவந்தது. இல்லம் தோன்றி நூறு ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. வெளியிட்டது இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம்.